எவ்வளவு தூரம் வெட்டுவது?
டாக்டர் ஹால்ஸ்டெட்டின் வாழ்க்கை வரலாறு

1882-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஆல்பனி என்னும் நகரம். அதிகாலை இரண்டு மணி.

ஒரு வீட்டின் சமையலறை மேஜை மீது ஓர் அம்மாள் படுக்க வைக்கப்பட்டிருந்தார். உடம்பெல்லாம் ஜுரம். கண்களிலே மஞ்சள் பூத்திருந்தது. வலப்புற விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும்படி ஒரு வீக்கம். வலியோ தாங்க முடியவில்லை. இனிப் பிழைக்க மாட்டார் என்றே சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள்.

கத்தியைக் கையில் எடுத்தவர் முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் இளம் டாக்டர். மேஜை மீது படுத்திருந்தவர் வேறு யாருமல்ல. அவரைப் பெற்றெடுத்த தாயார்தான்!

டாக்டரின் கை நடுங்கவில்லை. பித்தப்பையைத் திறந்தார். சீழை வெளியேற்றினார். உள்ளே அடைத்துக்கொண்டிருந்த கற்களை எடுத்தார். தாயார் பிழைத்துக்கொண்டார். பித்தப்பையில் செய்யப்பட்ட ஆபரேஷன்களில், அமெரிக்காவைப் பொறுத்தவரை, இது மிக ஆரம்ப காலத்தியது.

அந்த டாக்டரின் பெயர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். இன்று உலகெங்கும் ஆபரேஷன் அறைகளில் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளும் வழக்கத்துக்கு வித்திட்டவர் அவர். புற்றுநோய்க் கட்டியை அகற்றும்போது அதைச் சுற்றி எவ்வளவு தூரம் வெட்டுவது என்ற கேள்விக்கு அவர் ஒரு விடை சொன்னார். அந்த விடையை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் டாக்டர்கள் வேத வாக்காகக் கொண்டார்கள். அதனால் எத்தனையோ பெண்கள் நிம்மதி பெற்றார்கள். எத்தனையோ பெண்கள் வேண்டாத துன்பத்தையும் அடைந்தார்கள்.

பந்து விளையாடிய பிள்ளை

1852-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி நியூயார்க் நகரில் ஹால்ஸ்டெட் பிறந்தார். தகப்பனார் பெரிய ஜவுளி வியாபாரி. வீட்டில் எதற்கும் குறைவில்லை.

1870-ல் புகழ்பெற்ற யேல் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே அவர் படிப்பில் பெயர் எடுக்கவில்லை. கால்பந்துக் கோஷ்டியின் தலைவராகப் பெயர் எடுத்தார். அந்த நாலு வருஷங்களில் கலாசாலைப் புத்தக சாலையிலிருந்து அவர் ஒரு புத்தகமாவது இரவல் வாங்கினார் என்பதற்கு அடையாளமே இல்லையாம்.

கடைசி வருஷத்தில் என்ன தோன்றியதோ, உடற்கூறு பற்றியும் உடலியக்கம் பற்றியும் இரண்டு தடித்த புத்தகங்களை விலைக்கு வாங்கினார். அவற்றைப் படிக்கப் படிக்க அவருடைய வாழ்க்கையே திசை மாறியது. நியூயார்க்கில் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1877-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். வியன்னாவில் பில்ராத், ஹாலே நகரில் ஃபோல்க்மான் போன்ற மகா நிபுணர்கள் கத்தி பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அப்போது ரண சிகிச்சைக் கலைக்கு ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும்தான் குருமார்கள்.

1880-ல் ஊர் திரும்பியவர் நியூயார்க்கில் புயல்போல் வேலை செய்தார். பகலில் ஓர் ஆஸ்பத்திரி, இரவில் ஓர் ஆஸ்பத்திரி. எதற்கும் துணிந்தவர் என்று பெயர் எடுத்தார். 1881-ல் அவருடைய சகோதரிக்குப் பிரசவம் ஆனபின் இரத்தப் பெருக்கு நிற்கவில்லை. உயிர் போய்விடும் நிலை. ஹால்ஸ்டெட் தம் கையிலிருந்தே இரத்தத்தை எடுத்துச் சகோதரியின் நரம்பில் ஏற்றினார். இரத்தத்தில் பல வகைகள் உண்டு என்பதே அப்போது எவருக்கும் தெரியாது. அதற்கு இன்னும் இருபது வருஷங்கள் ஆகவேண்டியிருந்தது. அதிர்ஷ்டவசமாகச் சகோதரி பிழைத்தார்.

மருந்தே விஷமாயிற்று

1884-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஓர் அதிசயச் செய்தி வந்தது. கோக்கேயின் என்ற மருந்தைச் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகிறது. நோயாளி விழித்திருக்கும்போதே வலியின்றி ஆபரேஷன் செய்யலாம் என்று கார்ல் கொல்லர் என்ற டாக்டர் கண்டுபிடித்திருந்தார்.

ஹால்ஸ்டெட் இதைப் பற்றிக்கொண்டார். மருந்தை மேலே தடவுவதைவிட, உணர்ச்சி நரம்பின் அருகே ஊசி மூலம் செலுத்தினால் அந்த நரம்பு ஓடும் பகுதி முழுவதுமே மரத்துப்போகும் அல்லவா? அவரும் அவருடைய நண்பர்களும் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். யார் மீது? தங்கள் மீதேதான்! இன்று பல் பிடுங்குவதற்குமுன் தாடையில் ஊசி போடுகிறார்களே, அந்த முறைக்கு வழிகாட்டியவர்கள் அவர்கள்தான்.

ஆனால் கோக்கேயின் ஒரு மாயப் பிசாசு என்பது அப்போது தெரியவில்லை. பரீட்சை செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதற்கு அடிமையானார்கள். சிலர் அதிலேயே மாண்டார்கள். ஹால்ஸ்டெட்டும் தப்பவில்லை. 1885-ல் அவர் ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நியூயார்க்கின் நட்சத்திரமாக இருந்தவரின் புத்தி சிதறிக்கொண்டிருந்தது.

வில்லியம் வெல்ச் என்ற நண்பர்தான் கை கொடுத்தார். 1886-ல் ஹால்ஸ்டெட்டை ஒரு பாய்மரக் கப்பலில் ஏற்றிக் கடற்பிரயாணம் அழைத்துச் சென்றார். பயனில்லை. பிறகு ஹால்ஸ்டெட் தாமாகவே ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்து மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றார். வெளியே வந்தபோது கோக்கேயினுக்குப் பதிலாக மார்பியா பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

நியூயார்க்கில் இனி வாழ்வில்லை. வெல்ச் அவரைப் பால்டிமோர் நகரத்துக்கு வரவழைத்தார். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற செல்வந்தரின் நன்கொடையால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி உருவாகிக்கொண்டிருந்தது. வெல்ச்சின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஹால்ஸ்டெட் நாய்களின் குடலைத் தைத்துத் தைத்துச் சோதனை செய்தார். குடற்சுவரில் எந்த அடுக்கு தையலைத் தாங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தார்.

1889-ம் ஆண்டு மே மாதம் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ரண சிகிச்சைப் பகுதி ஹால்ஸ்டெட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த வருஷமே அவர் தலைமை ரண சிகிச்சை நிபுணரானார்.

ஆள் மாறினார்

பால்டிமோரில் கத்தி பிடித்த ஹால்ஸ்டெட் வேறு மனிதர். நியூயார்க்கில் இருந்த வேகம் போயிற்று. நிதானம் வந்தது. கூச்சம் வந்தது. யாரோடும் அதிகம் பேசமாட்டார்.

அந்தக் காலத்தில் கெட்டிக்கார டாக்டர் என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டி முடிப்பவர் என்று பொருள். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அந்த வேகம் அவசியமாக இருந்தது. மயக்க மருந்து வந்து நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆன பிறகும் பலர் அந்த வேகத்தை விடவில்லை. ஹால்ஸ்டெட் விட்டார். ஒவ்வொரு சிறு இரத்தக் குழாயையும் நுனி மெல்லிய இடுக்கியால் பிடிப்பார். மயிர் போன்ற பட்டு நூலால் கட்டுவார். சதையை முரட்டுத்தனமாக இழுக்கமாட்டார். சதையைக் கசக்கினால் காயம் ஆறாது, சீழ் பிடிக்கும் என்பது அவருடைய கொள்கை. மற்றவர்கள் அரைமணியில் முடிப்பதை அவர் மணிக்கணக்காகச் செய்தார். பார்த்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். ஆனால் அவருடைய நோயாளிகளின் காயம் சுத்தமாக ஆறியது.

கையுறை பிறந்த கதையும் இதே காலத்தில்தான். ஆபரேஷன் அறையின் தலைமை நர்ஸ் காரொலின் ஹாம்ப்டன் என்ற பெண்மணி. கிருமிகளைக் கொல்ல அப்போது பயன்படுத்திய பாதரச மருந்து அவருடைய கைகளைப் புண்ணாக்கிவிட்டது. வேலையை விட்டுவிடும் நிலை. ஹால்ஸ்டெட் அந்தக் கைகளைச் சாந்தில் அச்செடுத்து, குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு அனுப்பி, மெல்லிய கையுறைகள் செய்து தரும்படி கேட்டுக்கொண்டார். நர்ஸின் கைகள் ஆறின. 1890-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்தக் கைகளையே அவர் பற்றினார்!

வேடிக்கை என்னவென்றால், கையுறை கிருமியைத் தடுக்கும் என்று அப்போது ஹால்ஸ்டெட்டுக்கே தோன்றவில்லை. அவருடைய சிஷ்யர் ஜோசப் பிளட்குட் என்பவர்தான் 1896 முதல் எல்லா ஆபரேஷன்களிலும் கையுறை போட்டுக்கொண்டார். சீழ் பிடிப்பது மளமளவென்று குறைந்துவிட்டதைக் கணக்கெடுத்துக் காட்டினார்.

கோரைக் கிழங்கு

இத்தனை நிதானமும் எதற்குப் பயன்பட்டது? மார்பகப் புற்றுநோய் என்ற எமனோடு மல்லுக்கு நிற்கத்தான்.

அந்த நாளில் மார்பில் கட்டியோடு வரும் பெண்களின் நிலை பரிதாபமானது. வெட்கத்தாலும் பயத்தாலும் கட்டியை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மறைத்து வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது அது பெரிதாகி, சில சமயம் தோலையே பிளந்துகொண்டிருக்கும். டாக்டர் கட்டியை வெட்டி எடுப்பார். காயம் ஆறும். பெண்மணி வீட்டுக்குப் போவார். சில மாதங்களில் அதே தழும்பில் சிறு முடிச்சு தோன்றும். பிறகு இன்னொன்று. மார்பெல்லாம் மறுபடியும் புண்ணாகிவிடும்.

தோட்டத்தில் கோரையைப் பிடுங்கியவர்களுக்கு இது தெரியும். மேலே தெரியும் புல்லைப் பிடுங்கினால் மண்ணுக்குள் கிழங்கு நின்றுவிடும். ஒரு மழை போதும், மறுபடி துளிர்த்துவிடும். புற்றுநோயும் அப்படித்தான். கைக்குத் தட்டுப்படும் கட்டிக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத நோய் அணுக்கள் சுற்றியிருக்கும் சதைக்குள் ஊடுருவியிருக்கும்.

ஐரோப்பிய நிபுணர்களின் கணக்குகளே இதற்குச் சாட்சி. பில்ராத்திடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு நோய் அதே இடத்தில் திரும்பியது. ஃபோல்க்மான் மார்புத் தசையின் மேலுள்ள சவ்வையும் சேர்த்து உரித்தெடுத்தார். அவரிடம்கூட நூற்றுக்கு 60 பேருக்குத் திரும்பியது. மகா மேதைகளின் கைகளிலேயே இந்தக் கதி!

1889-ல் ஜெர்மனியில் ஹைடன்ஹைன் என்ற டாக்டர் வெட்டியெடுத்த சதைகளைப் பூதக்கண்ணாடிக் கருவியின்கீழ் வைத்து ஆராய்ந்தார். வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த இடத்திலும், மார்புத் தசையை மூடிய சவ்வில் புற்று அணுக்கள் பதுங்கியிருப்பதைக் கண்டார். ஹால்ஸ்டெட்டின் மனத்திலிருந்த சந்தேகம் ஊர்ஜிதமாயிற்று. டாக்டரின் கத்தி நோய்க்கு உள்ளேயே ஓடுகிறது. வெட்டும் கத்தியே நோய் அணுக்களைக் காயமெங்கும் விதைத்துவிட்டு வருகிறது. பின் நோய் திரும்பாமல் என்ன செய்யும்?

ஒரே துண்டு

ஹால்ஸ்டெட் கண்ட வழி இதுதான்: கத்தி கட்டியின் பக்கமே போகக் கூடாது. நோய் எட்டியிருக்கக்கூடிய எல்லைக்கு வெளியே, நல்ல சதையிலே மட்டும் ஓட வேண்டும். கட்டியைத் துண்டு துண்டாக எடுக்கக் கூடாது. மார்பகம், அதை மூடிய தோலின் பெரும் பகுதி, அதற்கு அடியிலுள்ள பெரிய மார்புத் தசை, அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள், கொழுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் எங்கும் வெட்டாமல், ஒரே துண்டாக வெளியே கொண்டுவர வேண்டும். தோல் போதாத இடத்தில் உடம்பின் வேறு பகுதியிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டவேண்டும்.

சொல்வது சுலபம். அக்குளில் கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் மேல் ஒட்டிய கொழுப்பைத் துளித்துளியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் தவறினாலும் உயிர் போய்விடும். அந்த வேலையை ஹால்ஸ்டெட் போன்ற பொறுமைசாலிதான் செய்ய முடியும்.

எடுத்த துண்டை அவர் தூக்கி எறியவில்லை. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, நோய் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கச் செய்தார். 1891-ல் ஒரு சமயம் ஆபரேஷன் நடக்கும்போதே வெல்ச் சதையை உறைய வைத்துச் சீவிப் பார்க்க முயன்றார். பரிசோதனை முடிவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆனால் அந்த யோசனை பிற்காலத்தில் எல்லா பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடைமுறைக்கு வந்தது.

1894-ல் ஹால்ஸ்டெட் தம் கணக்கை வெளியிட்டார். 1889 ஜூன் முதல் 1894 ஜனவரி வரை ஐம்பது பெண்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்திருந்தது. அதே இடத்தில் நோய் திரும்பியது எத்தனை பேருக்கு? மூன்றே பேருக்கு! நூற்றுக்கு ஆறு! பில்ராத்தின் 82 எங்கே, இந்த 6 எங்கே?

வைத்திய உலகம் திகைத்தது. அந்த ஐம்பது பேரில் பலருக்கு ஆபரேஷன் ஆகி அதிக காலம் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆயினும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அதே வருஷம் நியூயார்க்கில் வில்லி மேயர் என்பவரும் இதே மாதிரி ஆபரேஷனைத் தனியாகக் கண்டு வெளியிட்டார். ஆனால் உலகம் அதற்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன் என்றே பெயர் வைத்தது.

கொடுத்த விலை

புண்ணும் வாடையுமாக நாட்களை எண்ணிக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்த ஆபரேஷன் பெரிய வரப்பிரசாதம். ஆனால் அதற்கு விலையும் இருந்தது. மார்பு எலும்பும் விலாவும் தெரியும்படி நெஞ்சு குழிந்துவிடும். தோள் சரிந்துவிடும். பலருக்குக் கை வீங்கி, யானைக்கால்போல் கனத்துத் தொங்கும். ஹால்ஸ்டெட் இதைக் காணாமலில்லை. ஆபரேஷனால் வரும் இந்தக் கை வீக்கத்தைப் பற்றி 1921-ல், தம் கடைசி நாட்களில், தனிக் கட்டுரையே எழுதினார்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று. 1907-ல் அவர் மேலும் நிறைய நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். தழும்பில் நோய் திரும்பவில்லை. ஆயினும் பலர் இறந்துபோனார்கள். நுரையீரலில், எலும்பில், ஈரலில் நோய் தோன்றி இறந்தார்கள். ஆபரேஷனின்போதே அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் ஏறியிருந்தவர்களில் பிழைத்தவர்கள் குறைவு. ஏறாதிருந்தவர்களில் அதிகம்.

புற்றுநோய் குளத்தில் எறிந்த கல்லைப்போல வட்ட வட்டமாகத்தான் பரவும் என்பது ஹால்ஸ்டெட்டின் நம்பிக்கை. அதனால் இன்னும் பெரிய வட்டமாக வெட்டினால் பிழைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த வட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். 1950-களில் சில டாக்டர்கள் விலா எலும்புகளின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்தார்கள். நோய் இரத்தத்தின் வழியாக ஆரம்பத்திலேயே தொலைதூரம் போயிருந்தால் எவ்வளவு பெரிய வட்டம் வெட்டி என்ன பயன் என்று கேட்டவர்கள் சிலர்தான்.

மூடி வைத்த ரகசியம்

ஹால்ஸ்டெட் பேரும் புகழுமாக வாழ்ந்தார். அவர் தம் கீழ் வேலை செய்த இளம் டாக்டர்களை வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்து, படிப்படியாகப் பொறுப்பைக் கொடுத்துப் பழக்கினார். இன்று உலகெங்கும் ரண சிகிச்சை டாக்டர்கள் பயிற்சி பெறும் முறைக்கு அதுதான் மூலம். அவரிடம் தலைமைப் பயிற்சி டாக்டர்களாக இருந்தவர்கள் 17 பேர். அவர்களில் மூளை ஆபரேஷனின் முன்னோடி ஹார்வி குஷிங் ஒருவர்.

வீட்டில் அவர் விசித்திரப் பிரகிருதி. சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸுக்கு அனுப்புவாராம்! குழந்தைகள் இல்லை. கோடையில் வட கரோலினா மலைப் பிரதேசத்திலுள்ள பண்ணைக்குத் தம்பதிகள் போய்விடுவார்கள். அங்கே டேலியாப் பூக்களை வளர்ப்பதுதான் அவருக்கு ஆனந்தம்.

சில நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வரவேமாட்டார். ஆபரேஷனை நடுவில் சிஷ்யரிடம் விட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு. உடல்நலம் சரியில்லை என்றே எல்லாரும் நினைத்தார்கள். உண்மை ஒரு சிலருக்குத்தான் தெரியும். அதே ஆஸ்பத்திரியின் வைத்தியப் பிரிவுத் தலைவரான புகழ்பெற்ற டாக்டர் ஆஸ்லர் அதை எழுதி, முத்திரையிட்டு வைத்துவிட்டுப் போனார். அது 1969-ல்தான் திறக்கப்பட்டது. பால்டிமோருக்கு வந்தபின்னும் ஹால்ஸ்டெட் மார்பியாவை விடவில்லை. நாளொன்றுக்கு 3 கிரெயின், அதாவது சுமார் 200 மில்லி கிராம் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை! உலகம் போற்றிய ஆபரேஷன்களையெல்லாம் அந்தச் சங்கிலியைக் காலில் கட்டிக்கொண்டேதான் அவர் செய்தார்.

1922-ம் ஆண்டு அமெரிக்கப் பல் வைத்தியர்கள் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தார்கள். எதற்காக? 37 வருஷங்களுக்கு முன் நரம்பை மரக்கச் செய்யும் வழியைக் கண்டுபிடித்ததற்காக. எந்தப் பரிசோதனை அவருடைய வாழ்வைப் பாழாக்கியதோ, அதற்கே பதக்கம்!

அதே வருஷம் அவருடைய பித்தக் குழாயில் கற்கள் அடைத்தன. தாயாருக்கு வந்த அதே நோய். அவர் பயிற்றுவித்த சிஷ்யர்களே ஆபரேஷன் செய்தார்கள். ஆனால் பின்னர் நிமோனியா கண்டு, செப்டம்பர் 7-ந் தேதி, எழுபது வயது நிறைவதற்குப் பதினாறு நாட்கள் இருக்கையில், காலமானார். மூன்று மாதங்களுக்குள் காரொலின் அம்மையாரும் கண்ணை மூடினார்.

சீட்டுக் குலுக்கிய டாக்டர்

ஹால்ஸ்டெட் மறைந்து அரை நூற்றாண்டு ஆகியும் அவருடைய ஆபரேஷன்தான் அமெரிக்காவில் ஆட்சி செய்தது. 1971-ல் பெர்னார்டு ஃபிஷர் என்ற டாக்டரின் தலைமையில் ஒரு பரீட்சை துவங்கியது. சுமார் 1,660 பெண்கள் பங்கு பெற்றார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் அவர்களைப் பிரித்தார்கள். சிலருக்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன். சிலருக்குத் தசையை விட்டு மார்பகத்தை மட்டும் எடுத்தல். 25 வருஷங்கள் வரை கணக்கு வைத்தார்கள். எந்தப் பிரிவிலும் அதிகம் பேர் பிழைக்கவில்லை. எந்தப் பிரிவிலும் அதிகம் பேர் சாகவும் இல்லை.

1976-ல் அடுத்த பரீட்சை. மார்பகத்தையே எடுக்காமல், கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிது நல்ல சதையையும் மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். இருபது வருஷம் ஆனபின்னும் உயிர் பிழைத்தவர்களின் கணக்கு ஒன்றாகவே இருந்தது. இத்தாலியில் வெரோனேசி என்ற டாக்டர் 701 பெண்களிடம் நடத்திய பரீட்சையும் அதையே சொன்னது. ஹால்ஸ்டெட் ஆபரேஷனுக்கு ஓய்வு கிடைத்தது.

அப்படியானால் எல்லையைப் பார்த்து வெட்ட வேண்டும் என்று ஹால்ஸ்டெட் சொன்னதே தவறா? இல்லை. ஃபிஷரின் இரண்டாவது பரீட்சையிலும் ஒரு கண்டிப்பான நிபந்தனை இருந்தது. எடுத்த துண்டின் விளிம்பில் புற்று அணு இருக்கக் கூடாது. இருந்தால் மார்பகத்தையே எடுத்துவிட வேண்டும். விளிம்பு சுத்தமாக இருந்தும், கதிர்வீச்சுச் சிகிச்சை பெறாத பெண்களில் 20 வருஷங்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் சேர்ந்தபோது அது நூற்றுக்கு 14 ஆயிற்று. கத்தி விட்டுவைத்த கிழங்கைக் கதிர் கருக்கிவிட்டது. ஆகையால் வட்டத்தைச் சுருக்க முடிந்தது.

கை, கால் தசைகளில் தோன்றும் சார்கோமா என்ற கட்டியின் கதையும் இதேதான். அது வேர்க்கடலை ஓட்டுக்குள் இருப்பதுபோல ஓர் உறைக்குள் இருப்பதாகத் தோன்றும். அந்த உறையை நம்பித் தோண்டி எடுத்தால் மோசம் போவோம். உறையிலேயே நோய் அணுக்கள் ஒளிந்திருக்கும். அதனால் காலையே வெட்டுவதுதான் பத்திரம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1980-ல் என்னெக்கிங் என்ற அமெரிக்க டாக்டர், வெட்டும் எல்லையை நான்கு வகையாகப் பிரித்தார். கட்டிக்குள்ளேயே வெட்டுவது, உறையை ஒட்டி வெட்டுவது, நல்ல சதையும் சேர்த்து வெட்டுவது, அந்தத் தசைக் கூட்டம் முழுவதையும் எடுப்பது என்பவை அவை. 1982-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 43 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. உறுப்பை வெட்டியவர்கள் 16 பேர். உறுப்பைக் காப்பாற்றிக் கட்டியை நல்ல சதையோடு எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தவர்கள் 27 பேர். இரண்டாவது கூட்டத்தில் நான்கு பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது; முதல் கூட்டத்தில் யாருக்கும் திரும்பவில்லை. ஆனால் உயிரோடிருந்தவர்களின் விகிதத்தில் வித்தியாசமில்லை. அன்றிலிருந்து எத்தனையோ கால்களும் கைகளும் தப்பின.

இன்று கட்டியை எடுத்ததும் அந்தத் துண்டின் மேற்புறமெல்லாம் மை பூசிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். சீவிப் பார்க்கும்போது மைக்கோட்டின் மீது புற்று அணு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மார்பகத்தைக் காப்பாற்றிக் கதிர்வீச்சும் கொடுக்கும் சிகிச்சையில், பரவும் வகைப் புற்றுக்கு, மையின் மீது நோய் இல்லாவிட்டால் போதும், மேலும் அகலமாக வெட்ட வேண்டியதில்லை என்று 2014-ல் அமெரிக்க நிபுணர்கள் கூடி முடிவு சொன்னார்கள். சார்கோமாவுக்கு அவ்வளவு போதாது; கூடியவரையில் நல்ல சதையும் சேர்ந்து வரவேண்டும்.

ஹால்ஸ்டெட் வட்டத்தின் அளவில் தவறினார். ஆனால் கத்தி நோயைத் தொடாமல் வெளியே ஓட வேண்டும், எடுத்ததைச் சோதிக்க வேண்டும், நோயாளிகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்துக் கணக்கு வைக்க வேண்டும் என்று அவர் வகுத்த முறை நிலைத்துவிட்டது. அந்த முறையைக் கொண்டே பின்வந்தவர்கள் அவருடைய தவற்றைக் கண்டுபிடித்தார்கள்.